சத்தியப் பிரமாணத்துக்குப் படித்த குளிர்காலம்

இத்தாலியக் குடியுரிமைக்கு வரலாற்றுப் பரீட்சை எதுவும் இல்லை. பத்து வருட வதிவிடம் வேண்டும், மொழிச் சான்றிதழ் வேண்டும், வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும், அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். எல்லாம் சரியானால் கடைசியில் நகராட்சியில் ஒரு வாக்கியத்தை வாசித்துச் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். சட்டத்தில் இருப்பது இவ்வளவுதான். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. இலங்கையில் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சை, பிறகு ஓ.எல்., பிறகு ஏ.எல். என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஓர் அரசாங்கம் பரீட்சை வைக்காமல் எதையாவது தரும் என்று நம்பி எங்களுக்குப் பழக்கமில்லை.

இல்லாத அந்தப் பரீட்சையை உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். இங்கே நகரின் கடற்கரைப் பக்கம், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு கடலுணவுக் கடையின் சமையலறையில் மீன் வெட்டுகிறேன். வந்த புதிதில் என்னைப் போன்றவர்களை ஓர் அரச அலுவலகத்தில் உட்காரவைத்து இந்த நாட்டின் சட்டத்தையும் நிர்வாகத்தையும் பற்றி வகுப்பு நடத்தினார்கள். நான் குறிப்பெடுத்தேன். பிறகு காவல்துறை அலுவலகத்தில் குடியுரிமை விசாரணைக்குப் போய் வந்தவர்களிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்து அதையும் சேர்த்தேன். பெரும்பாலும் விலாசத்தையும் வேலையையும்தான் கேட்டிருந்தார்கள். யாரோ ஓர் அதிகாரி யாரோ ஒருவரிடம் ஜனாதிபதியை யார் தெரிவு செய்வது என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அது எனக்குப் போதுமாக இருந்தது. அறுபத்து நான்கு கேள்விகள், அறுபத்து நான்கு பதில்கள். தமிழ் எழுத்தில் இத்தாலியன், கீழே பொருள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் இரண்டு பிரதி எடுத்தேன். அதற்குப் பிறகு எத்தனை பிரதி எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அதற்கு ‘நோட்ஸ்’ என்று பெயர் வந்துவிட்டது. எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் மன்னார் அக்கா தேவாலயத்தில் அதைப் பத்துப் பேருக்காவது கொடுத்திருப்பார். ஒருநாள் படியில் என்னை மறித்துக் கேட்டார்.

“தம்பி, உம்மடை நோட்ஸாலை எங்கடை வீட்டிலை நித்திரை இல்லை. என்ரை மனுசன் கனவிலையும் ‘செனாத்தோ, செனாத்தோ’ எண்டு கத்துறார். பக்கத்திலை படுக்கிறது நான்.” செனாத்தோ என்பது இத்தாலிய நாடாளுமன்றத்தின் மேல்சபை.

“பாஸ் பண்ணினவரோ?”

“என்னத்தைப் பாஸ் பண்ணுறது? அங்கை போனா, வீட்டு வாடகை ஆர் கட்டுறது எண்டு கேட்டிட்டு அனுப்பிப்போட்டாங்கள். மனுசன் ரெண்டு நாள் சாப்பிடேல்லை. படிச்சதைக் கேக்கேல்லையாம்.”

குடியுரிமை விண்ணப்பம் என் மனைவியின் பெயரில் இருந்தது. அவள்தான் முதலில் இங்கே வந்தவள். ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மா ஒருவரின், வீட்டில் ஒழுங்கான ஒப்பந்தத்தோடு வேலை செய்கிறாள். நானும் மகளும் இரண்டு வருடம் கழித்து வந்து சேர்ந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. விண்ணப்பம் போட்டு மூன்று வருடத்துக்கு மேலான பிறகு, ஒக்டோபர் கடைசியில் அறிவிப்பு வந்தது. குடியுரிமை வழங்கப்பட்டிருக்கிறது, ஆறு மாதத்துக்குள் நகராட்சியில் சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். கூடவே நான்கு பக்கத் தகவல் தாள்.

எனக்கு வேண்டியது காலக்கெடு. அது முதல் பக்கத்தில் இருந்தது. அடியில் கோடு போட்டு, தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

“ஆறு மாதம் தந்திருக்கினம்,” என்றாள் மனைவி. “எதுக்குத் தந்திருக்கினம்? படிக்கத்தானே?”

“பிரமாணம் எடுக்கிறதுக்கு.”

“ஒரு வசனம் வாசிக்க ஆறு மாதமோ? இஞ்சாருங்கோ, நீங்கள் பேப்பரிலை வேலை செய்தனீங்கள் எண்டு வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

நான் மறுக்கவில்லை. பரீட்சை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வேளை பிரமாணம் செய்துவைப்பவர் ஏதாவது கேட்டுவிட்டால் என்று எனக்குள்ளும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்தில் எடுப்பது என்று முடிவு செய்தோம். தை மாசிக்குள் நோட்ஸ் முழுவதையும் படித்து முடிப்பதாக அவள் சொன்னாள்.

பலெர்மோவின் கபோப் பகுதியில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். கீழே சந்தை. காலையிலிருந்து மீன்காரரும் கத்தரிக்காய்க்காரரும் கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் சத்தமாகப் படித்தாள். அயன் பண்ணும்போது நோட்ஸ் தாள்களைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். ஒரு சட்டைக்கு ஒரு கேள்வி. மன்னராட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பு எந்த ஆண்டு? ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறு. பெண்கள் நாடு முழுவதும் முதல் தடவை வாக்களித்ததும் அந்த ஆண்டுதான் என்பது அவளுக்குப் பிடித்த பதில். இலங்கையில் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே பெண்களுக்கு வாக்கு இருந்தது என்று நான் சொன்னபோது அயனை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

“உண்மையோ? பொறுங்கோ, நாளைக்குச் சிஞ்ஞோராவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் மற்ற வேலை.”

அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, இத்தாலி உழைப்பின் மேல் நிறுவப்பட்ட ஜனநாயகக் குடியரசு என்று சொல்கிறது. அதைப் படித்த அன்று அவள் சிஞ்ஞோரா வீட்டு வேலைக்கு மேலதிகமாக மூன்று வீட்டுப் படிக்கட்டுகளைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். “அப்ப எங்கடை முழங்காலிலைதான் நிக்குது,” என்றாள்.

மொத்தம் எத்தனை பிராந்தியங்கள் என்ற கேள்வியைக் கீழே மரக்கறிக்காரரிடமும் கேட்டிருக்கிறாள். “ஒன்று. சிசிலி,” என்றாராம் அவர். “மற்றதெல்லாம் வெளிநாடு.” சரியான பதில் இருபது.

மகள் அவளைச் சோதிப்பாள். மகளுக்குப் பதினேழு வயது. எங்களோடு தமிழ் கதைப்பாள், கோபம் வந்தால் பலெர்மோ இத்தாலியனுக்குப் போய்விடுவாள். இத்தாலியின் சட்டமும் வரலாறும் அவளுக்குப் பள்ளிக்கூடப் பாடம். ஆனால் முந்தின வருடம் வகுப்போடு பார்சலோனாவுக்குப் போக அவளால் முடியவில்லை. அவளுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கக் கொடுக்கப்பட்டிருந்தது, கையில் ரசீது மட்டும், அதை வைத்து எல்லை கடக்க முடியாது. இருபத்திரண்டு பிள்ளைகள் போனார்கள், அவளும் காய்ச்சலால் போகாமல் விட்ட பையன் ஒருவனும்தான் எஞ்சினார்கள். பார்சலோனாப் படங்கள் வந்த வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் விலகிவிட்டாள்.

தை மாதத்தில் ஒருநாள் நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, கீழ்ச்சபையிலை எத்தனை பேர்?”

“அறுநூற்று முப்பது.”

“செனாத்தோவிலை?”

“முந்நூற்றுப் பதினைஞ்சு.”

“மீ, அம்மா!” பலெர்மோப் பிள்ளைகள் ஆச்சரியத்துக்குச் சொல்வது இந்த ‘மீ’. “இது எந்தக் காலத்துக் கணக்கு? இப்ப நானூறு, இருநூறு. குறைச்சிட்டினம். அப்பா, நீங்கள் இதை மாத்தேல்லையோ?”

நான் மாற்றவில்லை. உறுப்பினர் தொகையைக் குறைக்கும் வாக்கெடுப்புச் செய்தியை நானே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். நோட்ஸ் நினைவுக்கு வரவில்லை. பத்திரிகையில் ஒரு பிழை போனால் மறுநாள் திருத்தம் போடுவோம். ஊர் முழுக்கப் போட்டோக்கொப்பியாகிப் போன தாள்களுக்கு எந்தப் பக்கத்தில் திருத்தம் போடுவது?

மனைவி சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்தாள். “இதிலை ரெண்டு பிழை எண்டா மற்றதிலை எத்தினை பிழை கிடக்கோ? எனக்கு இனி இதிலை நம்பிக்கை இல்லை. நீங்கள் கொமூனேக்குப் போய், என்ன கேப்பினம் எண்டு நேரே கேட்டுக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு நாள் எடுப்பம்.”

கொமூனே என்பது நகராட்சி. குளிர்காலத்தில் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மாசி மாதத்து முதல் திங்கட்கிழமை, கோப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி இருந்தார். கழுத்துச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி. என் கேள்வியை இரண்டு தடவை கேட்டார்.

“எந்தப் பரீட்சை?”

“பிரமாணத்தின்போது கேட்கும் கேள்விகள்.”

“கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியம். தாளில் எழுதித் தருவோம். வாசித்தால் சரி.” பிறகு அறிவிப்பைப் பார்த்தார். “ஒக்டோபரில் வந்திருக்கிறது. இவ்வளவு நாளும் ஏன் வரவில்லை?”

“மனைவி படித்துக்கொண்டிருந்தார்.”

அவர் சிரிக்கவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டே போனவர் குடும்பச் சான்றிதழில் நின்றார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“உங்களோடு வசிக்கும் மகள் ஒருவர் இருக்கிறார். பதினெட்டு எப்போது?”

சொன்னேன். அடுத்த வாரம் சனிக்கிழமை.

அவர் தகவல் தாளின் மூன்றாம் பக்கத்தை எடுத்து, பேனையால் ஒரு பந்தியைத் தொட்டுக் காட்டினார். பெற்றோரில் ஒருவர் பிரமாணம் எடுத்துக் குடிமகன் ஆகும்போது கூட வாழும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையும் குடியுரிமை பெறும். பிரமாணம் எடுத்த மறுநாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். அதாவது அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் பிரமாணம் எடுத்தால், வெள்ளிக்கிழமை தாயும் மகளும் குடிமக்கள். அந்த நாளைத் தவறவிட்டால் மகள் தனியாள். தன் பெயரில் விண்ணப்பம், வருமான ஆதாரம், எங்களைப் போல வருடக்கணக்கில் காத்திருப்பு. இத்தனையும் தெளிவான எழுத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தை நான் வாசித்திருக்கவில்லை.

“நாள் தாருங்கள்,” என்றேன்.

திரையைப் பார்த்தார். முதல் வெற்றிடம் மார்ச் பன்னிரண்டு.

நான் அங்கேயே நின்றேன். கெஞ்சினேன் என்று சொல்ல முடியாது, கோப்பை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. பெண்மணி தாளின் ஓரத்தில் எதையோ எழுதினார்.

“வியாழக்கிழமைகளில் அதிகாரி திருமணம் நடத்த வருவார். ஒரு திருமணத்துக்கும் மற்றதுக்கும் நடுவில் சில வேளை பத்து நிமிடம் கிடைக்கும். கிடைக்காமலும் போகும். ஆவணங்களை நான் தயாராக வைத்திருப்பேன். எட்டரைக்கு வந்து உட்காருங்கள். நான் சத்தியம் பண்ணித் தரவில்லை.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. “மூண்டு மாதமா நான் உந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டனான்,” என்றாள். “அந்த நேரம் போயிருந்தா முடிஞ்சிருக்கும்.”

“மூண்டாம் பக்கத்தை நான் வாசிக்கேல்லை.”

“நீங்கள் வாசிக்கேல்லை, நான் போகேல்லை. விடுங்கோ. பிள்ளைக்கு இப்ப சொல்லவேண்டாம்.”

மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். வெளியே வந்து, “எனக்குக் கேட்டது,” என்று மட்டும் சொன்னாள்.

மன்னார் அக்காவுக்கும் அன்றே தெரிந்துவிட்டது. “ஆரையும் பிடிப்பம் தம்பி,” என்றார். “எங்கடை பாதிரியாருக்கு ஆரையும் தெரிஞ்சிருக்கும். அந்த ஆளுக்கு வேறை ஆரையும் தெரிஞ்சிருக்கும்.” யாழ்ப்பாணமும் பலெர்மோவும் ஒன்றையொன்று நன்றாகப் புரிந்துகொள்ளும் விடயம் இது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரைத் தவிர வேறு யாரையும் பிடிக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

முதலாவது வியாழக்கிழமை எட்டரைக்குப் போய் உட்கார்ந்தோம். மனைவி நாவல் நிறச் சேலை கட்டியிருந்தாள், மேலே குளிருக்குக் கோட். நான்கு திருமணங்கள் இருந்தன. பலெர்மோவில் எதுவும் நேரத்துக்கு நடப்பதில்லை என்று இங்கே பதினொரு வருடமாக முறைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று நான்கு மணமகன்களும் நேரத்துக்கு வந்தார்கள். நான்காமவர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்தார். பன்னிரண்டரைக்கு அதிகாரி தோளில் போட்டிருந்த மூவர்ணப் பட்டியைக் கழற்றி மடித்துக்கொண்டு போய்விட்டார். பெண்மணி எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். அடுத்த வியாழன் என்று சைகை காட்டினார்.

அந்த வாரத்தில் ஒருநாள், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள்.

இரண்டாவது வியாழக்கிழமை மகள் பள்ளிக்கூடம் போகாமல் எங்களோடு வந்தாள். மூன்று திருமணங்கள். முதலாவது பத்து மணிக்கு ஒழுங்காக முடிந்தது. இரண்டாவது பத்தே முக்காலுக்குத் தொடங்க வேண்டும். மணமகள் வந்துவிட்டாள். வெள்ளை உடையில், கையில் பூங்கொத்தோடு, குளிரில் தோள்களைச் சுருக்கிக்கொண்டு நடைபாதையில் நின்றாள். விருந்தினர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். பத்தே முக்கால் ஆனது. பதினொன்று ஆனது. மணமகன் இல்லை. மணமகளின் தகப்பன் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் நெரிசலாம். “நெரிசலாம்! நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேள்!” என்று மணமகளின் அண்ணன் பக்கத்திலிருந்து சொன்னான்.

பெண்மணி கதவால் தலையை நீட்டினார். அதிகாரியிடம் ஏதோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து விரலை மடக்கினார்.

நாங்கள் உள்ளே போனோம். மேசையில் வெள்ளை ரோசாப் பூக்கள். நாற்பது விருந்தினர் வரைக்கும் இருந்தார்கள். சேலையைக் கண்டதும் மணமகன் வீட்டுப் பக்கம் யாரோ வெளிநாட்டு உறவினர் என்று நினைத்திருக்க வேண்டும், இடம்விட்டு ஒதுங்கினார்கள். மகள் மணமகளின் தாய்க்குப் பக்கத்தில் நின்றாள். அதிகாரி பட்டியைச் சரிசெய்துகொண்டு, “அன்பர்களே, மணமகன் வரும்வரை இந்த சிஞ்ஞோரா குடியரசுக்குச் சத்தியம் செய்யப் போகிறார். அமைதியாக இருங்கள்,” என்றார்.

தாளைக் கொடுத்தார். மனைவி அதைப் பார்க்கவில்லை. குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பையும் அரசின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன் என்ற அந்த வாக்கியத்தை இத்தாலியனில் மனப்பாடமாகச் சொன்னாள். ஓர் இடத்தில் மூச்செடுத்தாள். ஏழு விநாடிகூட ஆகியிருக்காது. அதிகாரி வாழ்த்துச் சொன்னார், கையெழுத்து வாங்கினார். விருந்தினர் எழுந்து கைதட்டினார்கள். ஒரு வயதான மனிதர் விசிலும் அடித்தார்.

மனைவி நகரவில்லை. மேசைக்கு முன்னால் கைகளைக் கட்டியபடி நின்றாள்.

“சிஞ்ஞோரா, முடிந்துவிட்டது,” என்றார் அதிகாரி.

அவள் என் பக்கம் திரும்பி, “கேள்வி ஒண்டும் இல்லையோ?” என்றாள்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். மொழிபெயர்த்தேன். கேள்விகளுக்காகக் காத்திருக்கிறார், மூன்று மாதம் படித்திருக்கிறார்.

“இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்கச் சொல்லாதீர்கள்,” என்றார் அதிகாரி. “பதில் எனக்கும் தெரிந்திருக்க வேண்டுமே.”

மண்டபம் சிரித்தது. அப்போதுதான் அவளும் சிரித்தாள். வெளியே ஆரவாரம் கேட்டது. மணமகன் வந்துவிட்டான், கழுத்துப் பட்டி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. எங்களைக் கடந்து ஓடினான். அவனைப் பிடித்துக் கையைக் குலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவனுக்கு அது விளங்கியிருக்காது.

நடைபாதையில் மகள் தாயைக் கட்டிப்பிடித்தாள். “அம்மா, நீங்கள் அங்கை நிண்ட நிலை! பள்ளிக்கூடத்திலை போர்டுக்கு முன்னாலை நிக்கிற மாதிரி. எனக்கு வெக்கமாப் போச்சு.”

“போடி. அவ்வளவு படிச்சிட்டு ஒண்டும் கேக்காமல் விட்டா மனுசருக்கு என்ன மாதிரி இருக்கும்?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. மனைவி வேலைக்குப் போனாள், மகள் பள்ளிக்கூடம் போனாள். நான் தனியாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். மகளின் பதிவை அன்றைக்கே செய்ய வேண்டிய கட்டாயம் பெண்மணிக்கு இல்லை. செய்து வைத்திருந்தார். சான்றிதழைத் துளையால் தள்ளினார். பெயர், பிறந்த இடம், பிறந்த திகதி, குடியுரிமை. குடியுரிமை என்ற இடத்தில் இத்தாலியன் என்று இருந்தது. நன்றி சொன்னேன். “மணமகனுக்குச் சொல்லுங்கள்,” என்றார்.

சான்றிதழைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பினேன். மனைவியிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு தெரிந்தது, சிஞ்ஞோராவிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள், இரண்டு பேருமாக அழுதிருக்கிறார்கள். மகளிடமிருந்து ஒரு நிமிடத்தில் வந்தது. “திகதி சரியோ எண்டு வடிவாப் பாத்தனீங்களோ?”

மூன்று தடவை பார்த்தேன் என்று எழுதினேன். பிறகு இன்னொன்று வந்தது. பிறந்தநாளுக்குத் தன்னுடைய வகுப்புப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடலாமோ, எல்லாருமாக எட்டுப் பேர்.

கூப்பிடு என்று பதில் அனுப்பிவிட்டு, சந்தைக்குள் இறங்கி, எட்டுப் பேருக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டு நடந்தேன்.